போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

(கொல்லிமலையில் பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் செம்மேட்டுக்கு வந்து சேர்கிறது. மிளகும் காபிக்கொட்டையும் அன்னாசியும் அதே வளைவுகளில் இறங்குகின்றன. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றாலும், மாவட்ட அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றாலும், மலைக்காரர்கள் இந்தப் பாதையில்தான் ஒரு நாளைச் செலவழிக்கிறார்கள். போன் திரையில் வரும் அந்நியனுக்கு மட்டும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டவர் கிடைக்கும் மேட்டில் நிற்கிற எட்டாம் வகுப்புப் பையனிடம் அவன் டெல்லியில் இருந்தும் பேசுவான், கம்போடியாவில் இருந்தும் பேசுவான்.

மலைவீடுகள் பலவற்றில் போன் நுழைந்தது படிப்பின் பெயரால். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. ஆட்டை விற்றும் கடன் வாங்கியும் பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்னல் தேடி மேடுகளில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளின் படங்கள் அந்த நாள்களில் நாளிதழ்களில் வந்தன. பெருந்தொற்று போனது, பள்ளி திறந்தது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எப்படி இயக்குவது என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். அதற்குள்ளிருந்து ஒரு கெட்ட ஆள் பேசினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் பேசப்படும் ஏசர் ஆய்வு, 2024ஆம் ஆண்டு அறிக்கையில் போனைப் பற்றி விரிவாகக் கேட்டது. 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்தவர்களில், கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. அந்த 76 விழுக்காட்டினரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். தொல்லை தருபவரைத் தடுக்க அல்லது புகார் செய்யத் தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. தங்கள் பக்கத்தை அந்நியர் பார்க்க முடியாதபடி மூடத் தெரிந்தவர்கள் 55 விழுக்காடு. கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் 58 விழுக்காடு. பத்தில் நான்கு பிள்ளைகள் தாழ்ப்பாள் போடத் தெரியாமல் சந்தை நடுவில் குடியிருக்கிறார்கள் என்று பொருள்.

தாழ்ப்பாள் போடக் கற்றுத் தருவது எளிது, ஒரு பாடவேளை போதும். கடினமானது வேறொன்று. பிள்ளைக்குப் போனில் ஏதோ சிக்கல் என்று தெரிந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? முதலில் அடி விழுகிறது. அடுத்து போன் பறிபோகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பும் நிற்கலாம், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும் தொடங்கலாம். இதெல்லாம் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். மிரட்டுகிறவனுக்கும் தெரியும். உலகம் முழுக்க இந்தக் குற்றம் செய்பவர்கள் எந்த மொழியில் பேசினாலும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “உன் வீட்டில் சொல்லிவிடுவேன்.” வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்ட பிள்ளையிடம் அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லை.

இந்த மலைக்கு நெருக்கமான ஓர் ஊரில், பலருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு கொடுமை நடந்தது. 2016 ஜூன். சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் பகுதி. வேதியியல் பட்டம் பெற்ற 21 வயதுப் பெண். அவருடைய முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, ஆபாசப் படமாக்கி, அவர் பெயரிலேயே ஒருவன் ஃபேஸ்புக்கில் போட்டான். குடும்பம் காவல்துறையிடம் போனது. ஃபேஸ்புக் நிறுவனத்திடமிருந்து விவரம் வர வேண்டும் என்று நாள்கள் கடந்தன. படம் அப்படியே இருந்தது. இன்னொரு படமும் வந்தது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதிவைத்த வரிகளில், பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனை இருந்தது. அடுத்த சில நாள்களில் ஓர் இளைஞர் கைதானார். திருமணத்துக்கு மறுக்கப்பட்ட கோபத்தில் செய்ததாகக் காவல்துறை சொன்னது. புகாரை விசாரிக்க வேண்டிய காவலர் ஒருவர் அந்தக் குடும்பத்திடமே ஒரு போனை லஞ்சமாக வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. படம் அனுப்பவில்லை, அந்நியனிடம் பேசவில்லை, இரவில் கண்விழித்து அரட்டையடிக்கவில்லை. ‘பாதுகாப்பாக இரு’ என்று பிள்ளைக்கு மட்டும் சொல்லும் அறிவுரை எல்லாம் இந்த இடத்தில் பயனற்றுப் போகிறது. அவரைச் சுற்றியிருந்த பெரியவர்கள்தான் மூன்று இடங்களில் கைவிட்டார்கள். வீடு ஐயப்பட்டது, காவல்துறை தாமதித்தது, நிறுவனம் படத்தை எடுக்காமல் வைத்திருந்தது.

பிந்தைய இரண்டில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2019இல் இணையக் குற்றங்களுக்கான தேசியப் புகார்த் தளம் தொடங்கியது. 1930 என்ற உதவி எண் வந்தது. தமிழகத்தில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் வந்தது. ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ அப்படித் தோன்றும்படி மாற்றப்பட்ட படத்தையோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டன. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். மலையிலிருக்கும் வாழவந்திநாடு காவல் நிலையத்திலோ செங்கரை காவல் நிலையத்திலோ சொன்னால் போதும், நாமக்கல்லுக்கு இறங்கிப் போய் நிற்க வேண்டியதில்லை. முதலாவது இடமான வீடு மாறியிருக்கிறதா என்பதற்கு எந்தச் சட்டமும் விடை சொல்லாது.

வயதுக்கு வயது ஆபத்து வேறு. ஆகவே காவலும் வேறு. பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரையும் ஒரே திடலில் உட்காரவைத்து ஒரே எச்சரிக்கையைப் படிப்பதால் யாருக்கும் பயனில்லை.

சோறு ஊட்டப் போனைக் கொடுக்கும் வயதில் ஆபத்து அந்நியன் அல்ல, நேரம்தான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. காட்டுவேலைக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு சிரமம் என்பது தெரியாமல் சொல்வதல்ல. குறைந்தபட்சம், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்திவைக்கலாம். காதுக்குள் செருகும் கருவியைக் கொடுக்காமல், என்ன ஓடுகிறது என்று அடுப்படிவரை கேட்கும்படி வைக்கலாம். பணம் அனுப்பும் செயலிக்குத் தனிப் பூட்டு போடலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு வாக்கில் விளையாட்டு வருகிறது. பையன்கள் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறார்கள் என்று பெற்றோர் சொல்லும்போது, ஏதோ சுடுகிற விளையாட்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த விளையாட்டுக்குள் பேச்சு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நால்வர் அணியில் மூவர் யாரென்றே தெரியாமல், நள்ளிரவில், காதுக்குள் அவர்கள் குரலோடு பையன் ஆடுகிறான். அந்தக் குரல்கள் 12 வயதினுடையவையா, 35 வயதினுடையவையா என்பது அவனுக்கு முக்கியமில்லை, நன்றாகச் சுட்டால் போதும்.

2021 ஜூன் மாதம் தமிழகமே அதிர்ந்த ஒரு வழக்கு இந்த விளையாட்டு உலகிலிருந்துதான் வந்தது. சேலத்தைச் சேர்ந்த ஒருவர், தடைசெய்யப்பட்ட பப்ஜி விளையாட்டை யூடியூபில் நேரலையாக ஆடிக்கொண்டே, கேட்கக் கூசும் ஆபாச வசைகளைப் பேசிவந்தார். அவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளிச் சிறுவர்கள். புகார்கள் குவிந்தபின் அவர் தருமபுரியில் கைதானார். அதுவரை பல வீடுகளில், பக்கத்து அறையில் மகன் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பெற்றோருக்குத் தெரியாது. பாட்டு கேட்கிறான் என்று நினைத்தார்கள்.

விளையாட்டில் பழகும் அந்நியன் வழக்கமாகக் கொடுத்துத்தான் தொடங்குவான். துப்பாக்கிக்குப் புதுத் தோல், சில ‘டைமண்ட்’, ஒரு ரீசார்ஜ். கொல்லிமலை விவசாயிக்கு இந்த முறை புதிதல்ல. விளைச்சலுக்கு முன்பே வீடு தேடி வந்து முன்பணம் கொடுத்துவிட்டு, அறுவடையின்போது தான் சொன்ன விலைக்கே மூட்டையைத் தூக்கிப்போன இடைத்தரகர்களை மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். கேட்காமல் கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்ற கேள்வி சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்வரும் எந்தத் தாய்க்கும் தானாகவே எழும். போன் தெரியாத பெற்றோர் தங்களைக் கையாலாகாதவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பிள்ளைக்குப் போனைத் தெரியும், பெற்றவர்களுக்கு ஆளைத் தெரியும். “யாரவன், எந்த ஊர், உனக்கு ஏன் கொடுக்கிறான்?” என்று கேட்க எழுத்தறிவுகூடத் தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கதை மாறுகிறது. இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். வயதைக் கூட்டிப் போடுவது பிள்ளைகளுக்கு ஒரு நிமிட வேலை. கணக்குத் தொடங்கிய சில நாள்களில் அறியாத பெயரிலிருந்து ஒரு நட்பு அழைப்பு வரும். படத்தில் இருப்பது அதே வயதுப் பெண் அல்லது பையன். “உன் ரீல்ஸ் சூப்பர்” என்பது முதல் செய்தி. வீட்டில் திட்டு வாங்கிய நாளில் அந்த முகம் ஆறுதல் சொல்லும். பிறகு வாட்ஸ்ஆப்புக்கு வா என்னும். அங்கிருந்து வீடியோ அழைப்பு, ஒரு படம், இன்னொரு படம். கடைசியில் குரல் மாறும். பணம் கேட்கும், அல்லது மேலும் படம் கேட்கும், அல்லது நேரில் வரச் சொல்லும். இதில் எந்தப் படியும் முந்தைய படியைவிடப் பெரிதாகத் தெரியாது. பிள்ளை ஏமாந்தது முட்டாள்தனத்தால் அல்ல. இதையே தொழிலாகச் செய்யும் வளர்ந்த ஆள், நூறு பேரிடம் பழகித் தேர்ந்த சொற்களை ஒரு 15 வயதின் மேல் பிரயோகிக்கிறான்.

பொள்ளாச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 பிப்ரவரியில் வெளிவந்த அந்த வழக்கில், முகநூல் வழியாகவும் பழகிப் பெண்களை வரவழைத்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டினார்கள். தொடக்கத்தில் வெளியே வந்து பேசத் துணிந்த குரல்கள் மிகச் சில. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். காரணம் மானம், ஊர், வீடு. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களின் அடையாளம் வெளியே தெரியாமல் சாட்சியம் பதிவானது என்பதையும், யாரும் பிறழ் சாட்சியாகவில்லை என்பதையும் இந்த அவை கவனிக்க வேண்டும். பாதுகாப்பு உறுதியாக இருந்தபோது அந்தப் பெண்கள் பேசினார்கள்.

பையன்கள் இதில் சிக்குவதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பணம் பறிக்கும் வகை மிரட்டலில் உலகளவில் அதிகம் குறிவைக்கப்படுபவர்கள் 14 முதல் 17 வயது ஆண்பிள்ளைகள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது. ஒரு பெண் முகம், ஒரு வீடியோ அழைப்பு, பதிவு செய்த காட்சி, உடனே பணம். சில மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். பெண் பிள்ளையாவது தோழியிடம் சொல்லி அழுவாள். பையன் யாரிடமும் சொல்ல மாட்டான். திடீரெனப் பணம் கேட்கும், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும், போன் ஒலித்தாலே திடுக்கிடும் மகனைப் பார்த்தால் திட்டாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். உயிரை விடலாமா என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்திருப்பதாக லேசான ஐயம் தோன்றினாலும் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணையோ 104 எண்ணையோ உடனே அழைக்கலாம். எந்த நேரமானாலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

முகத்தை மாற்றி ஒட்ட 2016இல் கொஞ்சம் கணினித் திறமை வேண்டியிருந்தது. இப்போது அதற்கும் தேவையில்லை. 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மென்ட்ராலெஹோ என்ற சிறு நகரில், சக மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக்கி வாட்ஸ்ஆப்பில் பரப்பினார்கள் சில பையன்கள். 20க்கும் மேற்பட்ட சிறுமிகள் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அந்நாட்டுச் சிறார் நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. செய்தவர்கள் யாரும் வெளியூர்க் கும்பல் அல்ல, அதே பள்ளிப் பிள்ளைகள். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். “பத்திரமாக இரு” என்று மகளிடம் சொல்லும் அளவுக்கு, “இன்னொரு வீட்டுப் பெண்ணின் படத்தைத் தொடாதே” என்று மகனிடம் சொல்லப்படுவதில்லை.

விளையாட்டுக்கு ஃபார்வர்ட் செய்தேன் என்பது சட்டத்தின் முன் செல்லாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட படத்தைத் தரவிறக்கம் செய்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் போனுக்கு அது வந்தால் அழித்தாக வேண்டும், புகார் செய்தாக வேண்டும். பகிரும் நோக்கத்தோடு வைத்திருந்தாலே தண்டனைக்குரியது. 16 வயதுப் பையன் இதைச் செய்தால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேரிடும். அவனுடைய எதிர்காலத்தைப் பற்றிய கவலையால்தான் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, படம் போய்விட்டது, மிரட்டல் வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? பணம் அனுப்பக் கூடாது, ஒருமுறை கொடுத்தவனிடம் மறுபடியும் கேட்பார்கள். பயத்தில் அரட்டையை அழித்துவிடக் கூடாது, அதுதான் சான்று. திரையைப் படம்பிடித்துவைத்த பின் அந்த ஆளைத் தடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி அதை முடக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். குழந்தைகளுக்கான 1098 எண் இரவும் பகலும் இயங்குகிறது. பிள்ளையே நேரடியாக அழைக்கலாம்.

படம் பரவாமல் தடுக்கவும் ஒரு வழி பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 பிப்ரவரியில் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படமாக இருந்தால், எந்த நாட்டுப் பிள்ளையும் பெயர் சொல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. போனுக்குள்ளேயே அந்தப் படத்திலிருந்து ஓர் எண்கோவை கணக்கிடப்படும், அந்த எண்கோவை மட்டும் மையத்துக்குப் போகும். அதைக் கொண்டு படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற, இத்திட்டத்தில் சேர்ந்த தளங்களில் அதே எண்கோவையுள்ள படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்குவார்கள். பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் இதே வேலையைச் செய்கிறது. வாட்ஸ்ஆப்பின் தனி அரட்டைக்குள் நடப்பதை இவற்றால் தடுக்க முடியாது. அங்கே புகாரும் காவல்துறையும்தான் வழி.

காவல் நிலையம் என்றாலே மலைக்குடும்பங்களுக்கு ஒரு தயக்கம். குழந்தைகளுக்காக எழுதப்பட்ட சட்டம் அந்தத் தயக்கத்தை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 24ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை பெண் உதவி ஆய்வாளர்தான் வர வேண்டும். சீருடை அணிந்து வரக் கூடாது. பிள்ளையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ ஊரையோ ஊடகம் வெளியிட்டால் அதுவே குற்றம். ஆசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் இன்னொரு கடமை உண்டு. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி அவர்களும் தண்டிக்கப்படலாம். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்பது பள்ளியின் பெயரையும் காக்காது, பிள்ளையையும் காக்காது.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஆபத்து பணத்தின் வழியாக வருகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், பழங்குடி மாணவர் உதவித்தொகை, இவையெல்லாம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகின்றன. மலையில் பல குடும்பங்களில் முதன்முதலாகச் சொந்தக் கணக்கு வைத்திருப்பவர் அந்த மாணவர்தான். “உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, 5,000 தருகிறேன்” என்று ஒரு சீனியரோ தெரிந்தவரோ கேட்கிறார். எங்கோ ஒரு முதியவரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் பாய்கிறது. காவல்துறை முதலில் தட்டுவது கணக்குக்காரரின் கதவை. கணக்கு முடங்கும், உதவித்தொகையும் அதோடு முடங்கும், வழக்கில் பெயர் ஏறும். வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. மியான்மரின் மியாவாடியில் மோசடி நிலையத்தில் அடைபட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீண்டு சென்னை வந்தார்கள்.

பெற்றோரும் இதே வலையில் இருக்கிறார்கள். “உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்” என்று கல்வித்துறை அதிகாரிபோலப் பேசி, ஸ்கேன் செய்தவர்களின் பணத்தை வழித்தெடுத்த கும்பல் ஒன்றைக் கோவை காவல்துறை 2024இல் பிடித்தது. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை. இதைப் பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஆஸ்திரேலியாவைப் பார்த்து, இங்கும் 16 வயதுவரை சமூக ஊடகத்தைத் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்நாட்டின் தடை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளையைத் தண்டிக்காமல் நிறுவனத்தைத் தண்டிக்கிறது என்ற அளவில் அது நேர்மையான சட்டம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் குடும்பத்துக்கு ஒரே போன், அதுவும் அப்பாவின் பெயரில் என்றிருக்கும் வீட்டில், யார் கையில் போன் இருக்கிறது என்று எந்த நிறுவனத்துக்குத் தெரியும்? பெற்றோரின் சம்மதத்துக்கான பொத்தானை அழுத்திக் கொடுப்பதே அந்தப் பிள்ளைதானே? சட்டங்கள் வரட்டும், வரவேற்போம். மலைப்பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த மலையில் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோரில் சிலர் வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் போன் என்பது ரீல்ஸ் மட்டுமல்ல, அம்மாவின் குரல். தண்டனையாக அதைப் பறிக்கும்போது அபாயத்தை மட்டும் பறிக்கவில்லை, ஆபத்தைச் சொல்ல இருந்த ஒரே காதையும் பறித்துவிடுகிறார்கள். விடுதியில் இரவு பத்து மணிக்குமேல் போனை அலுவலகத்தில் வாங்கிவைப்பது வேறு. எல்லாருக்கும் பொதுவான விதி அது, யாருக்கும் அவமானமில்லை. சொல்லிக்கொண்டு வந்த பிள்ளையிடமிருந்து பிடுங்குவது வேறு.

ஆகவே இந்த மலையின் ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். போனில் வந்த தொல்லையைத் தானாக வந்து சொல்லும் மாணவரின் போன் பறிக்கப்படாது, அவர் விடுதியை விட்டு அனுப்பப்பட மாட்டார், அவர் படிப்பு நிறுத்தப்படாது என்று அதில் இருக்கட்டும். எந்த ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெண், ஓர் ஆண் இருவரின் பெயரைக் குறியுங்கள். தலைமையாசிரியரும் பெற்றோரும் கையெழுத்திடுங்கள், படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். 1098, 1930, 14416 மூன்று எண்களையும் அதற்குக் கீழே எழுதி, வகுப்பறையில் மட்டுமல்லாமல் விடுதியின் குளியலறை வாசலிலும் ஒட்டுங்கள். தனியாக நின்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள அங்கேதான் முடியும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று தொடங்கி 14 ஊராட்சிகளும் அதே தீர்மானத்தைக் கிராம சபையில் வைக்கலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. சாலைக்கும் குடிநீருக்கும் அடுத்த வரியில் இதற்கும் இடம் இருக்கிறது.